வாடையும் சோழகமும்: முல்லைத்தீவுக் கரையோரம்

முல்லைத்தீவுக் கரையில் நின்று நேர் கிழக்கே பார்த்தால், நிக்கோபார்த் தீவுகள் வரை ஏறக்குறைய 1300 கிலோமீற்றருக்கு நிலம் என்று ஒன்றுமில்லை. இடையில் இருப்பதெல்லாம் வங்காள விரிகுடா. காற்றையும் அலையையும் மறிப்பதற்கு இக்கரையின் முன்னே தீவுகள் இல்லை. திருகோணமலையைப் போல் உள்வாங்கிய துறைமுகமும் இல்லை. தெற்கே கொக்கிளாயில் தொடங்கி நாயாறு, செம்மலை, அளம்பில், சிலாவத்தை, வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், மாத்தளன், சாலை எனச் சுண்டிக்குளத்தை நோக்கி நீளும் வெறும் மணற்கரை அது. கரைக்குப் பின்னால் கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் என்று களப்புகள். ஆகவே எமது மக்கள் பல இடங்களில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக, நடுவிலுள்ள மணல் மேட்டில்தான் வாழ்கிறார்கள்.

இக்கரையின் ஆண்டு இரண்டு காற்றுகளால் ஆனது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசுவது சோழகம். தென்மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வருவதால் அது எமது கரையில் கடலைப் பெரிதாகக் கிளப்புவதில்லை. அதே காற்று நேரே மோதும் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். மேற்குக் கரைத் தொழிலாளர்கள் பருவத்துக்குக் கிழக்கே வந்து வாடி அமைக்கும் வழக்கத்துக்குக் காரணம் இதுதான். பங்குனியிலிருந்து கரைவலைப் பாடுகள் களைகட்டும். வெயிலும் வரண்ட காற்றும் கருவாட்டுக்கு நல்லவை. மீன் வெட்டி, உப்பிட்டு, காயவைத்து, பொதி கட்டும் பெண்களின் கைகளுக்கு ஓய்விராது.

ஐப்பசி பிறந்தால் எல்லாம் மாறும். வாடை வடகிழக்கிலிருந்து திறந்த கடலைக் கடந்து நேரே கரைக்கு வருகிறது. அலை உயரும், நீரோட்டமும் திசை மாறும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை விரிகுடாவின் மேற்கு ஓரமாக ஓடும் நீரோட்டம் தெற்கு நோக்கியது. கங்கை முதலான ஆறுகள் கொட்டிய நன்னீர் கலந்த கடல்நீரை அது இலங்கைக் கரை வரை கொண்டு வருகிறது.

இந்தக் காற்றும் நீரோட்டமும் வேறு பலவற்றையும் எம்மிடம் கொண்டு வந்துள்ளன. 2006 டிசெம்பரில், இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசியுடன் சென்ற ‘ஃபரா 3’ என்ற ஜோர்தானியக் கப்பல் இயந்திரம் பழுதடைந்து இக்கரைக்கு ஒதுங்கியது. துருப்பிடித்த அதன் உடலைப் போருக்குப் பின்னரும் பலர் பார்த்திருப்பீர்கள். 2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்கால் கரைக்கு ஒரு படகு வந்தது. நாடற்றவர்களாக்கப்பட்ட றோகிஞ்சா மக்கள் நூறுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். அவர்களிடையே பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். அவர்களின் பசியையும் களைப்பையும் யாரும் எமது மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மழைக்காலம் புயல்களின் காலமுமாகும். 1964 டிசெம்பர் 22 இல் வட இலங்கையை ஊடறுத்த சூறாவளி அதே இரவில் தனுஷ்கோடியை அழித்தது. 2008 நவம்பரில் ‘நிஷா’ வந்தபோது வன்னி மக்களில் பெரும்பாலானோர் வீட்டை விட்டுத் தறப்பாளின் கீழ் இருந்தனர். வெள்ளம் அந்தத் தறப்பாளுக்குள்ளும் புகுந்தது. 2020 டிசெம்பர் 2 இரவு ‘புரெவி’ திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ கிழக்குக் கரையால் ஏறி மலைநாடு வரை நிலத்தைச் சரித்தது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஆனால் 2004 டிசெம்பர் 26 இல் வந்தது இந்த வகையைச் சேர்ந்ததல்ல. அன்று காற்றுமில்லை, மழையுமில்லை. காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. ஆழ்கடலில் விமான வேகத்தில் ஓடிய அலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எமது கரையை அடைந்தது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரைக் கடல் கொண்டுபோனது. அன்று இந்து சமுத்திரத்தில் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் எவருக்கும் பயன்படாமல் போயிற்று. 2011 ஆம் ஆண்டிலிருந்து இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் இந்தச் சமுத்திரம் முழுவதற்கும் எச்சரிக்கை வழங்குகின்றன. ஆயினும் ஒன்றை மறக்கக்கூடாது. கடல் திடீரென வழமைக்கு மாறாக உள்வாங்கினால், வேடிக்கை பார்க்காமல் உடனே மேட்டு நிலத்துக்கு ஓட வேண்டும். செய்தி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

2009 இல் இதே மணற்கரைக்குள்தான் இலட்சக்கணக்கானோர் நெருக்கப்பட்டோம். துறைமுகம் இல்லாத கரை என்பதால், காயப்பட்டவர்களைச் சிறு படகுகளில் ஏற்றிச் சென்று, ஆழத்தில் நின்ற செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் சேர்த்தார்கள். படகில் ஏற்றிவிட்ட உறவை அதன்பின் காணாதவர்களும் எம்மிடையே உள்ளனர். ஆகவே இங்குள்ள ஒரு பெண் “கடலைப் பார்க்கவே பயம்” என்று சொல்லும்போது, அது ஒரு நாளைய அலையை மட்டும் குறித்த பயம் அல்ல.

பயம் இருந்தாலும் பிழைப்பு கடலோடுதான். கரையோரக் கிராமங்களில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பல. மகனையோ மருமகனையோ கடலுக்கு அனுப்பிவிட்டு இருப்போர், வலையில் மீன் கழற்றுவோர், கருவாடு போடுவோர், களப்பில் இறால் பிடிப்போர் என்று அவர்கள் இருக்கிறார்கள். வாடைக்காலத்தில் படகு இறங்காது. கருவாடும் காயாது. ஆனால் வாராந்தக் கடன் தவணைக்கு வாடையும் தெரியாது, சோழகமும் தெரியாது. “காத்துக்குப் பயந்து மறிச்சால் கடன்காரன் வாறான் பிள்ளை; கடன்காரனுக்குப் பயந்து விட்டால் காத்து வருது” என்றார் அளம்பில் பக்கத்து அம்மா ஒருவர். கடல் கொந்தளிக்கும் நாளில் ஒரு படகு இறங்குகிறதென்றால், அந்த முடிவு பெரும்பாலும் அடுப்படியில்தான் எடுக்கப்படுகிறது.

அப்படியானால் வானிலை அறிவித்தல் அடுப்படிக்கும் வந்து சேர வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் கடல் நிலையை அறிவிக்கிறது. அதில் பல நாட்களில் முல்லைத்தீவின் பெயர் தனியாக வராது. ‘காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக’ என்று வந்தால் அதற்குள் நாமும் அடக்கம். காற்று மணிக்கு 30 கிலோமீற்றருக்குள் என்றால் வழமையான நிலை. 50, 60 என்று கேட்டால் சிறு படகு இறங்கக்கூடாது. தாழமுக்கம் உருவாகியுள்ளது என்றால், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அடுத்தடுத்த அறிவித்தல்களில் கேட்க வேண்டும். 62 கிலோமீற்றரைத் தாண்டினால் அதற்குச் சூறாவளி என்று பெயர். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் செய்யக்கூடிய சிறு வேலைகள் இரண்டு உண்டு. வாடை தொடங்கியதும் ஒவ்வொரு பின்னேரமும் கடல் நிலையை வாசகசாலைப் பலகையில் ஒருவர் எழுதி வைக்கலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத அயல் வீட்டுக்கு மற்றவர் சொல்லலாம். கடன் எடுக்கும்போதே, சோழகத்தில் கூடுதலாகவும் வாடையில் குறைவாகவும் கட்டும் ஒழுங்கைச் சங்கமாகச் சேர்ந்து கேட்கலாம். தனியாகக் கேட்டால் மறுப்பவர்களும் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள்.

வைகாசிப் பொங்கலுக்காகச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் அள்ளிய கடல்நீரில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு விளக்கேற்றுவது எமது வழமை. இத்தனை எடுத்த கடலிடமிருந்துதான் அந்த வெளிச்சத்துக்கும் நீர் அள்ளுகிறோம். அதன் போக்கை அறிந்துகொண்டு அருகில் வாழ்வதே எமக்குள்ள வழி.