பெருச்சாளியின் முழங்கை

எங்கள் வீட்டில் பெருச்சாளி என்றாலே ஆகாது. வயல் வரம்பைத் துளைத்து, கட்டி வைத்த தண்ணீரை ஒரே இரவில் வடியவிட்டுவிடும். விடிந்ததும் வாப்பா மண்வெட்டியோடு போய் வரம்பைக் கட்டுவார். மறுநாள் அது மீண்டும் துளைத்திருக்கும்.

ஒருநாள் காலையில் அது பொறியில் செத்துக் கிடந்தது. ரீச்சரிடம் கேட்டுக்கொண்டு பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். எலிக்காய்ச்சல் பரவும் என்று இரட்டைக் கையுறை போட வைத்தார்.

முன்காலின் தோலை விலக்கினேன். மேற்கையின் முன்பக்கம் இருதலைத்தசை, பின்பக்கம் முத்தலைத்தசை. பின்னதுதான் பருமன். அதன் தசைநாண், முழங்கைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த அரந்தி என்பின் முனையைப் பற்றியிருந்தது. இடுக்கியால் தசையை மெல்ல இழுத்தேன். மடங்கியிருந்த கால் சற்றே நீண்டது, மண்ணைத் தள்ளுவதுபோல.

"அந்த முனை ஒரு நெம்புகோல். தோண்டும் பிராணிகளுக்கு அது நீளமாக இருக்கும். நீளம் கூடினால் வலுவும் கூடும்" என்றார் ரீச்சர்.

சுப்ஹானல்லாஹ்! நாங்கள் ஏசித் தீர்த்த பிராணிக்கும் இத்தனை கணக்கோடு ஒரு கை.

மாலையில் வாப்பாவிடம் சொன்னேன். அவர் தன் முழங்கையைத் தடவிப் பார்த்தார். அங்கும் அதே என்பு, அதே தசை.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே தசையாலதான் மண்ணோட மல்லுக்கட்டுறம் போல, மகள்" என்று சிரித்தார்.

அதற்காகப் பொறி வைப்பதை அவர் நிறுத்தவில்லை. வரம்பு உடைந்தால் எங்களுக்குச் சோறில்லை. ஆனால் அடுத்த முறை செத்ததைத் தூக்கி வீசாமல் குழி தோண்டிப் புதைத்தார். மண்வெட்டி இறங்கும்போதெல்லாம் அவரது மேற்கையின் பின்பக்கம் புடைத்து எழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.