எதிர்த்திசையில் நடந்தால் ஊரே எதிரில் வரும்! - ஸ்ரீரங்கத்தில் ஒரு காலை வாக்கிங்

புது ஊரில் வாக்கிங் கிளம்புகிறவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். திரும்பி வர வழி தெரியுமா? ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. நேராக நடந்து, மூலை வந்தால் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் போதும். புறப்பட்ட வாசலுக்கே வந்து சேரலாம்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு இது. ரங்கநாதர் கோயிலுக்கு ஏழு சுற்றுகள். வெளிச்சுற்றுகளில் வீடு, மளிகைக்கடை, மெடிக்கல் ஷாப், ஏ.டி.எம். எல்லாம் உண்டு. கோயில் மதிலுக்குள்ளேயே ஊர் குடியிருக்கிறது. உள்ளே பெருமாள் பள்ளிகொண்டிருக்க, வெளியே ஊர் நடந்துகொண்டே இருக்கிறது.

லெஃப்ட், ரைட் செல்லாது

உத்திர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான் வீதி. ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நாலு பக்கம். முகவரியில் ஒரு வார்த்தை மாறினால், டெலிவரி பையன் சூடான இட்லியோடு வேறு யார் வீட்டு வாசலிலோ நிற்பார்.

வழி கேட்டாலும் லெஃப்ட், ரைட் என்று பதில் வராது. "மேற்கால போய் வடக்கால திரும்புங்கோ" என்பார்கள். புதியவர் சூரியனைத் தேடி அண்ணாந்து பார்ப்பார். மேகமூட்டமாக இருந்தால் ராஜகோபுரம்தான் துணை. பல நூற்றாண்டுகள் பாதியில் நின்று, 1987-ல் முழுமையடைந்த கோபுரம் அது. 13 நிலைகள், 236 அடி உயரம். இந்த வீதிகளுக்குள் எங்கே நின்றாலும் அது தெரிகிற பக்கம்தான் தெற்கு. சார்ஜ் போடத் தேவையில்லாத திசைகாட்டி!

இடமா, வலமா?

காலை ஆறு மணிக்கு உத்திர வீதியில் இறங்கும் புதியவர், காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தோன்றிய பக்கம் நடப்பார். சற்று நேரத்தில் ஊரே எதிரில் வரும். எல்லோரும் அவரையே பார்ப்பார்கள். செருப்பை மாற்றிப் போட்டுவிட்டோமா என்று அவர் குனிந்து பார்ப்பார். கடைசியில் ஒரு பெரியவர்தான் சொல்வார்: "பெருமாளை இடப்பக்கம் வெச்சுண்டு நடக்கறேளே சார், ஊருக்குப் புதுசா?"

இங்கே வாக்கிங் என்றாலே பிரதட்சிணம்தான். சர்க்கரைக்காக நடந்தாலும், முழங்கால் வலிக்காக நடந்தாலும், சுவாமி வலப்பக்கம் இருக்க வேண்டும்.

எதிர்ச்சுற்று நடப்பதில் இன்னொரு சங்கடம், ஒரே ஆளை ஒரு சுற்றில் இரண்டு முறை சந்திக்க வேண்டும். முதல் முறை வணக்கம். இரண்டாவது முறை புன்னகை. மூன்றாவது முறை தலையாட்டல். நாலாவது முறை இருவருமே அவசரமாகச் செல்போனைப் பார்ப்பார்கள்.

கேள்விகளும் கோலங்களும்

நின்றால் கேள்விகள் வரும். எந்த ஊர், வாடகையா சொந்தமா, பசங்க எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகே பெயர் கேட்பார்கள். சில சமயம் அதையும் கேட்பதில்லை. "கீழ உத்திர வீதிக்குப் புதுசா வந்திருக்காரே, அவர்" என்பதே போதும்.

நடந்தால் கோலங்கள் வரும். ஈரம் காயாத மாவை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போவது, சின்ன வயதுப் பாண்டி ஆட்டத்துக்குச் சமம். மார்கழியில் கோலங்கள் பெரிதாகி நடுத்தெருவரை வரும். அங்கே ஏற்கெனவே பசு படுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் நடக்கப் பழகினால் பாதி ஸ்ரீரங்கத்துக்காரர் ஆகிவிட்டதாக அர்த்தம்.

முதுகுகள் சொல்லும் சேதி

ஊரோடு சேர்ந்து வலமாக நடக்கத் தொடங்கியதும் முகங்கள் மறைந்துவிடும். முன்னால் தெரிவதெல்லாம் முதுகுகள்தான். மஞ்சள் பை வைத்திருப்பவர், கைத்தடியை ஊன்றாமல் தூக்கிக்கொண்டே நடப்பவர், மருமகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் வேகம் கூடும் இரண்டு மாமிகள்... ஒரு மாதத்தில் முதுகை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்கள் இந்த வீதிகளில் நிறைய. அவர்களுக்கு இந்தச் சுற்றுதான் வருகைப் பதிவேடு. ஒரு முதுகு ஒருநாள் காணாமல் போனால், "ஊருக்குப் போயிருப்பார்" என்பார்கள். மறுநாளும் காணோமென்றால், யாராவது ஒருவர் சுற்றைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். எதிர் ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் வருடக்கணக்கில் வாழ்ந்துவிட்டு வருபவர்களுக்கு, முதலில் இது தொந்தரவாகத்தான் தெரியும்.

அவர்களுக்கும் ஒருநாள் ஜுரம் வரும். இரண்டு நாள் படுத்துவிட்டு மூன்றாம் நாள் மெல்லத் தெருவில் இறங்கினால், பூக்கட்டும் அம்மா கையை நிறுத்தாமலே கேட்பார்: "என்ன சார், ரெண்டு நாளா ஆளையே காணோம்? உடம்பு சரியில்லையா?"

ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அடுத்த மூலை திரும்புவதற்குள் சுக்கு, மிளகு, துளசி, வேப்பிலை என நாலு பேரிடமிருந்து நாலு வைத்தியம் வந்து சேரும்.