பிளேடுக்கு ஒரு பேப்பர் சுத்துங்க, பாஸ்!

காலேஜில் நமக்கு 75 சதவிகிதம் அட்டெண்டன்ஸ் இருந்தால் எக்ஸாம் எழுதிடலாம். அதுக்கே எத்தனை மெடிக்கல் சர்டிஃபிகேட், எத்தனை 'சார், ப்ளீஸ் சார்'! எங்க அம்மாவுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. 100 சதவிகிதம்தான். காலையில் 6 மணிக்கு வார்டு ஆபீஸ் வாசலில் கையெழுத்து போடணும். ஒருநாள் போகலைன்னா, அந்த நாள் சம்பளம் கட்.

அம்மா தூய்மைப் பணியாளர். 'துப்புரவுப் பணியாளர்' என்று இருந்த பெயரை 2020-ல் அரசாங்கம் இப்படி மாற்றியது. ஆனால், தெருவில் இந்தப் பெயரும் இல்லை, அந்தப் பெயரும் இல்லை. 'ஏய், குப்பை வந்திருக்கு பாரு!' அவ்வளவுதான். வீட்டுக்குள்ளே இருக்கிறது குப்பையா, வெளியே வந்து நிற்பது குப்பையா என்று அம்மாவே கேட்டுச் சிரிப்பாங்க.

சென்னைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கான்ட்ராக்ட் வேலை. பேட்டரி வண்டியில் பச்சை டப்பா, நீல டப்பா, கழுத்தில் ஒரு விசில். ஒரு காலைக்குள் முந்நூறு வீடு. நான் பி.காம். மூன்றாம் வருஷம். செமஸ்டர் லீவில் அம்மா கூடவே பல நாள் போயிருக்கேன். அந்த தைரியத்தில்தான் இதை எழுதுறேன்.

அம்மாவிடம் ஒரு வித்தை உண்டு. குப்பையைப் பார்த்தே ஒரு வீட்டின் ஜாதகத்தைச் சொல்லிடுவாங்க. ''மாடி வீட்டுல பொண்ணு பார்க்க வந்திருக்காங்கடா, ஸ்வீட் டப்பாவா வருது.'' ''மூணாவது வீட்டுப் பெரியவருக்கு உடம்பு முடியலை போல, ரெண்டு நாளா மாத்திரை அட்டையா கிடக்கு.'' அந்த வீட்டில் யாருக்கும் அம்மா பேர்கூடத் தெரியாது. அம்மாவோ அந்தப் பெரியவர் எப்படி இருக்கார்னு ஒரு வாரமா விசாரிச்சுட்டு இருந்தாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கேன்டீனில் ஒருநாள் பேச்சு குப்பை பக்கம் திரும்பியது. ஒரு ஃப்ரெண்ட் கேட்டான்: ''டேய், நாம பிரிச்சுக் குடுத்தா மட்டும் என்னடா ஆகப்போகுது? கடைசியில எல்லாத்தையும் லாரியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க!'' இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீங்க. நியாயமான கேள்விதான். சில இடங்களில் அப்படியும் நடக்குது, மறுக்கலை. ஆனால், பிரித்துக் கொடுத்த குப்பை எங்கே போகுதுன்னு கண்ணால் பார்த்தவன் என்கிற முறையில் ஒரு பதில் இருக்கு.

வீட்டுக் குப்பையில் பாதிக்கும் மேலே சமையலறையில் இருந்து வருவதுதான். காய்கறித் தோல், மிச்ச சோறு, டீத்தூள், முட்டை ஓடு. இது பச்சை டப்பாவில் வந்தால் நேரா உரக்கூடம். வரிசையா சிமென்ட் தொட்டி கட்டியிருப்பாங்க. அதில் கொட்டி, சாணிக் கரைசல் தெளித்து, அப்பப்போ கிளறி விட்டால், ஒன்றரை மாதம், ரெண்டு மாதத்தில் கருகருன்னு உரம். சலித்து எடுத்தால் மழை பெய்த மண் வாசனைதான் அடிக்கும். சத்தியமா நாத்தம் இல்லை.

நீல டப்பாவில் வருவது வேற ரூட். பால் கவர், தண்ணி பாட்டில், அட்டைப்பெட்டி, இரும்பு, பழைய செருப்புன்னு தனித்தனி மூட்டையா கட்டுவாங்க. பழைய சாமான் வியாபாரி எடை போட்டு எடுத்துக்குவார். நாம குடிச்சுத் தூக்கிப் போட்ட தண்ணி பாட்டில், துண்டாகி, உருகி, பாலியஸ்டர் நூலாகி, யாரோ ஒருத்தருக்கு டி-ஷர்ட்டா திரும்பி வருது. எங்க ஊரில் இந்த மூட்டை விற்ற காசில் ஒரு பங்கு அம்மா கைக்கும் வரும். அந்தப் பணத்தில் வாங்கின கால்குலேட்டரில்தான் நான் இன்னமும் பேலன்ஸ் ஷீட் போடுறேன்.

இப்போ அதே அட்டைப்பெட்டி மேல நேத்து சாம்பாரைக் கொட்டுங்க. அட்டையும் போச்சு, சாம்பாரும் உரத்துக்கு ஆகாது. ரெண்டுமே உதவாத குப்பை. காமர்ஸ் பாஷையில் சொன்னால், நம்ம செலவை இன்னொருத்தர் கணக்குல எழுதுறோம். நாம வீட்டில் நாலு செகண்டில் பிரிக்க வேண்டியதை, அங்கே ஒருத்தர் கையை விட்டுத் துழாவிப் பிரிக்கணும்.

அந்தக் கை சில சமயம் எங்க அம்மாவோடது.

ரெண்டு வருஷம் முன்னாடி, தீபாவளி முடிஞ்ச வாரம். ஒரு கறுப்பு கவர். உள்ளே பழைய சோறு, குழம்பு, அதுக்கு நடுவில் உடைஞ்ச கண்ணாடி டம்ளர். அம்மா கையுறை போட்டுத்தான் இருந்தாங்க. ஆனால், கண்ணாடிக்கு அந்த ரப்பர் எந்த மூலைக்கு? வலது உள்ளங்கையில் ஐந்து தையல். ஊசி போட்டுக் கட்டு கட்டி, 12 நாள் வீட்டில். அந்த 12 நாளும் சம்பளம் இல்லை. கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனியின் சூப்பர்வைசர், ''பார்த்து எடுத்திருக்கணும்மா'' என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டின கவருக்குள்ளே எப்படிப் பார்க்கிறதாம்?

எனக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டவேண்டிய மாசம் அது. பக்கத்து வீட்டு அத்தைகிட்ட கைமாத்து வாங்கிக் கட்டினோம். அம்மா ஸ்பூனால் சாப்பிடப் பழகிக்கிட்டாங்க. ''பாத்தியா, நானும் பெரிய இடத்து ஆள் மாதிரி ஸ்பூன்ல சாப்பிடுறேன்'' என்று ஜோக் வேற. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

'நம்ம வீட்டுல இருந்து போயிடுச்சு, அவ்ளோதான்' என்று நினைக்கிற குப்பை எங்கே போய் உட்காருது தெரியுமா? சென்னைவாசிகளுக்குப் பெருங்குடியைச் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில்தான் பல வருஷமா மலை மலையாக் கொட்டினோம். சுமார் 225 ஏக்கர்! ஈரக் குப்பை காத்துப் படாமல் அழுகினால் மீத்தேன் வாயு வரும். அது எரியக்கூடிய வாயு. 2022 ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு தீப்பிடித்து, நாள் கணக்கில் புகைந்தது. சுத்தி இருந்த ஜனங்க மூச்சு விடவே திண்டாடினாங்க. அதே 2022-ல்தான் பள்ளிக்கரணைக்கு ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. பூநாரை வந்து இறங்குகிற நிலத்துக்கு உலக அளவில் மரியாதை, பக்கத்திலேயே நம்ம குப்பையின் புகை!

அந்தப் பழைய குப்பையைச் சரிபண்ண 'பயோ மைனிங்' என்று ஒரு முறை இருக்கு. மலையைத் தோண்டி, பெரிய சல்லடையில் சலித்து, மண்ணைத் தனியா, கல்லைத் தனியா, பிளாஸ்டிக்கைத் தனியா பிரிக்கிறது. பிளாஸ்டிக்கை சிமென்ட் ஆலைகள் எரிபொருளா பயன்படுத்திக்கும். கோடிக்கணக்கில் செலவாகிற வேலை. யோசிச்சுப் பாருங்க... அன்னைக்கே வீட்டு வாசலில் ரெண்டு டப்பாவில் போட்டிருந்தால் பெரும்பாலும் முடிஞ்சிருக்க வேண்டிய வேலை!

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-லேயே ஒரு விதி வந்தது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே மூணாகப் பிரிக்கணும்னு தெளிவாச் சொன்னது: மட்கும் குப்பை, மட்காத குப்பை, அபாயக் கழிவு. இந்த மூணாவதுதான் பலருக்குத் தெரியாது. பேட்டரி, பெயின்ட் டப்பா, காலாவதியான மருந்து, ஊசி, பாதரசம் இருக்கிற பழைய டியூப்லைட் எல்லாம் இந்த லிஸ்ட்டில் வரும்.

இப்போ ஒரு நல்ல விஷயம். அம்மாவின் ரூட்டில் ஒரு பேச்சுலர் வீடு. எங்க காலேஜ் பசங்க நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை நைட் பிரியாணி என்றால், திங்கட்கிழமை காலையில் எலும்பு, எலுமிச்சம்பழத் தோல், ஷேவிங் பிளேடு, கூல்டிரிங்ஸ் பாட்டில் எல்லாம் ஒரே கேரிபேக்கில் கட்டி வாசலில் தொங்கும். நான் போய்ச் சண்டை போடுறேன்னு கிளம்பினேன். அம்மா விடலை. அவங்களே கதவைத் தட்டி, கையில் இருந்த தழும்பைக் காட்டி, ''தம்பி, மத்ததைக்கூட நான் பார்த்துக்குறேன். பிளேடை மட்டும் ஒரு பேப்பர்ல சுத்திக் குடுங்கப்பா'' என்றார்கள். திட்டவும் இல்லை, அட்வைஸும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை வாசலில் ரெண்டு கவர். கூடவே நியூஸ்பேப்பரில் சுத்தி, ரப்பர்பேண்ட் போட்ட ஒரு சின்னப் பொட்டலம். அதன்மேல் மார்க்கர் பேனாவில் கொட்டை எழுத்தில், 'பிளேடு! அக்கா, ஜாக்கிரதை' என்று எழுதியிருந்தது. அன்னைக்கு சாயங்காலம் அம்மா என்கிட்ட அதை மூணு தடவை சொன்னாங்க. ''ஜாக்கிரதைன்னு எழுதியிருந்துச்சுங்கடா, அந்தப் பசங்க!'' 11 வருஷ சர்வீஸில் அம்மாவுக்கு வந்த முதல் லெட்டர் அது!

ஆகவே ஃப்ரெண்ட்ஸ், பெரிசா ஒண்ணும் வேண்டாம். ரூமிலும் ஹாஸ்டலிலும் ரெண்டு பக்கெட் வைங்க. பால் கவரை ஒரு அலசு அலசிப் போடுங்க. அதன் மூலையை முழுசா வெட்டி எடுக்காதீங்க, அந்தத் துணுக்கு எந்த மூட்டையிலும் சேராது. நாப்கினைப் பேப்பரில் சுத்தி, மேலே சிவப்பு மையில் ஒரு பொட்டு வைங்க, பிரிக்கிறவங்களுக்குத் தொடாமலே புரியும். சிப்ஸ் பாக்கெட்டை பழைய சாமான் கடைக்காரர்கூட சீண்ட மாட்டார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக்கிட்டு இருப்பதால் மறுசுழற்சி செய்றது ரொம்பக் கஷ்டம். அதனால் அதைக் குறைக்கிறதுதான் ஒரே வழி. 2019 ஜனவரி முதல் தேதியே தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தாச்சு. மஞ்சப்பை எடுத்துட்டுப் போனா கெத்து குறையாது, பாஸ்!

நம்ம பக்கம் சரியா செஞ்சாச்சுன்னா, அடுத்து தைரியமா கேள்வி கேட்கலாம். பிரிச்சுக் கொடுத்ததை லாரியில் ஒண்ணாக் கொட்டினால், வார்டு கவுன்சிலரைப் பிடிச்சுக் கேளுங்க. 'எங்க தெருக் குப்பை எந்த உரக்கூடத்துக்குப் போகுது? அங்கே வேலை பார்க்கிறவங்களுக்கு நல்ல கையுறை தர்றீங்களா? அடிபட்டா லீவுக்கு சம்பளம் உண்டா?' 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் ராத்திரி பகலா உட்கார்ந்து போராடினாங்களே, ரெண்டு மண்டலத்தின் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத்தான். டி.வி-யில் பார்த்துட்டு சேனலை மாத்தியிருப்போம். புனேயில் குப்பை சேகரிக்கிறவங்களே ஒண்ணா சேர்ந்து 2008-ல் 'ஸ்வச்' என்று ஒரு கூட்டுறவு அமைப்பு ஆரம்பிச்சு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டாங்க. வீடு வீடாப் போய்க் குப்பை வாங்கி, மட்காததை விற்ற காசை அவங்களே எடுத்துக்கிட்டாங்க. இந்த வேலையை மரியாதையாவும் நடத்த முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

''டிகிரி முடிச்சு நீ வேலைக்குப் போனதும் அம்மாவை நிறுத்திடுவியா?'' என்று சிலர் கேட்கிறார்கள். அம்மாகிட்டயே கேட்டேன். ''நான் எதுக்குடா நிக்கணும்? நான் நின்னா இன்னொருத்தி வந்து கையை விடணும். குப்பை ஒழுங்கா வரட்டும், அது போதும்'' என்றார்கள்.

ஒரு மார்க்கர் பேனா பத்து, இருபது ரூபாய்தான். இன்னிக்கே ஒண்ணு வாங்கி, டஸ்ட்பின் பக்கத்துல ஒரு நூல்ல கட்டித் தொங்கவிடுங்க.