தீவுக்குள்ள ஒரு டிராம்

கப்பல் கரையை ஒட்டி நின்னாச்சு.
கண்ணெதிர்லயே கடல்.
ஆனா கால் நனைக்கப் போக டிராம் விடறாங்களாம்!

பஹாமாஸ்ல காஸ்ட்அவே கே. டிஸ்னிக்காரங்க 99 வருஷக் குத்தகைக்கு எடுத்திருக்கிற தீவு. 1998-லருந்து அவங்க கப்பல் இங்க வருது.

படகு மாறி ஏறுற வேலையெல்லாம் இல்ல. ரூம் கார்டை வச்சா 'டிங்'னு ஒரு சத்தம், இறங்கி நடக்க வேண்டியதுதான். கையில ஒரு துண்டும் குடுத்துடறாங்க.

டிராம் ஓசி. நடந்தும் போகலாம்.
டெய்லி பத்தாயிரம் ஸ்டெப்ஸ்னு பீத்திக்கிற நான்தான் முண்டியடிச்சு முதல் ஆளா ஏறி, ஓர சீட்டு பிடிச்சேன் 😄

பெரியவங்களுக்கு மட்டும்னு செரினிட்டி பே பீச் தனியா இருக்கு. அதுக்கு இன்னொரு டிராம். அது போற நேர் ரோடு ஒரு பழைய ரன்வே! ஒரு காலத்துல போதைமருந்து கடத்தினவங்க பிளேன் இறங்கின இடமாம். இப்ப அதுல சன்ஸ்கிரீன் பூசின மூஞ்சியோட நாங்க குலுங்கிக்கிட்டுப் போறோம்.

சரி, நம்ம கையில ஒரு தீவைக் குடுத்தா முதல்ல என்ன வைப்போம்?
ஷேர் ஆட்டோவா, டீக்கடையா?