விசேஷம் எதுவும் உண்டா?

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால் நம்ம ஜனங்களுக்குக் கேட்பதற்கு ஒரே கேள்விதான். "என்ன, விசேஷம் எதுவும் உண்டா?" கேட்பது ரெண்டு பேரையும்தான் என்று பேர். பார்ப்பது என்னவோ மனைவியின் வயிற்றை!

மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் தேடி என் மனைவி ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே... எக்ஸ்ரே எடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நான் ஆபீஸ் போய்விட்டேன். (மார்ச் மாசக் கடைசி சார், லீவு ஏது?) எல்லாமே நார்மல். "உங்க வீட்டுக்காரர் டெஸ்ட் எடுத்தாரா?" என்று டாக்டரம்மா கேட்டதாக வந்து சொன்னாள். நான் சட்டைக் கையைச் சுருட்டிப் புஜத்தைக் காட்டினேன். "இதைப் பார்த்துமா சந்தேகம்?"

அந்தப் புஜத்துக்குப் பின்னால் ஒரு ரகசியம் உண்டு. ஜிம்மில் ஒருத்தர் வாரா வாரம் எனக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். டெஸ்டோஸ்டிரோன். "ஆம்பளை ஹார்மோன் தம்பி, சிங்கம் மாதிரி ஆயிடுவே!" ஒன்றரை வருஷமாச்சு. வீட்டில் கேட்டால் 'வைட்டமின்'.

ஒரு நாள் ராத்திரி சாதம் பரிமாறிக்கொண்டே சொன்னாள். "அடுத்து வயித்துல துளை போட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்க்கணுமாம். நானும் சரின்னுட்டேன். ஏங்க, நீங்க ஒரு டப்பாவுல கொடுக்க மாட்டீங்களா?"

சாதம் தொண்டைக்குள் இறங்கவில்லை.

மறுவாரம் லேப். மூன்று நாள் பிரம்மச்சரியம் இருந்துவிட்டு, டப்பாவோடு சின்ன அறைக்குள் போனேன். சுவரில் 'அமைதி காக்கவும்' போர்டு! ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கைக்கு நேராக 'நில்' என்று அடித்திருந்தது. லீவு பாலன்ஸில் அந்த வார்த்தையை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் தடவையும் அதே 'நில்'. மில்லி லிட்டருக்குக் குறைந்தது 1 கோடியே 60 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் போட்ட கணக்கு. என்னிடம் ஒன்றுகூட இல்லை.

ஆண்களுக்கான டாக்டர் ருத்ராட்ச மாலை மாதிரி ஒன்றை எடுத்தார். சின்னதும் பெரிசுமாய் மணிகள். ஜபம் பண்ணப் போகிறார் என்று நினைத்தேன். விதைப்பையைச் சோதித்து, எந்த மணி அளவு என்று பார்த்தார். சுருங்கியிருந்தது. என் புஜத்தைப் பார்த்தார்.

"ஊசியா?"

தலையாட்டினேன்.

"எந்த ஆபீஸ்ல வேலை பாக்கறீங்க? சரி, உங்க பாஷையிலேயே சொல்றேன்" என்று ஆரம்பித்தார். மூளையில் ஹைப்போதலாமஸ், மேனேஜிங் டைரக்டர். அதற்குக் கீழே பட்டாணி சைஸில் பிட்யூட்டரி, மேனேஜர். மேனேஜர் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்று இரண்டு ஆர்டர் அனுப்புவார். முதல் ஆர்டருக்கு விதைப்பை டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கும். இரண்டாவது விந்தணு உற்பத்திக்கு. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால் மேனேஜர் ஆர்டரைக் குறைத்துவிடுவார்.

"நீங்க வெளியிலேர்ந்து சரக்கை இறக்கிட்டீங்க. கிடங்கு நிறைஞ்சிருக்குன்னு மேனேஜர் ஆர்டரையே நிறுத்திட்டார். விந்தணு உண்டாக விதைக்குள்ளே டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்துல இருக்கிறதைவிடப் பல மடங்கு வேணும். அதை ஊசி தராது. ஃபாக்டரியைப் பூட்டியாச்சு!"

இதையே கருத்தடை முறையாகப் பயன்படுத்த முடியுமா என்று உலக சுகாதார நிறுவனம் 271 ஆண்களுக்கு வாராவாரம் ஊசி போட்டுப் பார்த்து, 1990-ல் முடிவை வெளியிட்டதாம். பாதிப் பேருக்கு மேல் விந்தணு பூஜ்யம். ஆக, நான் காசு கொடுத்துக் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்தேன்!

ரத்தப் பரிசோதனையில் எஃப்.எஸ்.ஹெச். அடிமட்டத்தில் இருந்தது. "நல்ல செய்திதான். இது எகிறியிருந்தா மேனேஜர் கத்திக் கத்தி ஆர்டர் போட்டும் ஃபாக்டரி ஓடலைன்னு அர்த்தம். உங்க மேனேஜர் தூங்கறார், அவ்வளவுதான். ஊசியை நிறுத்தினா பெரும்பாலும் முழிச்சுக்குவார். ஆனா பொறுமை வேணும்." ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 72 நாள். அப்புறம் சுருட்டி வைத்த 6 மீட்டர் குழாயில் ஒன்றிரண்டு வாரப் பயணம். சிலருக்குப் பழையபடி ஆக ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகுமாம்.

அன்று ராத்திரி மனைவியிடம் 'வைட்டமின்' கதையைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "ஒன்றரை வருஷமாவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் ஃபைலை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அழுதிருக்கலாம்.

மறுநாள், அவள் காதில் விழும்படியே ஊருக்குப் போன் போட்டேன். "அம்மா, குறை அவகிட்ட இல்லை, என்கிட்டதான்." அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை.

ஊசியை விட்டபின் இரண்டு மாசம் நடைப்பிணம்தான். அசதி, எரிச்சல். புஜமும் போச்சு. ஏழாம் மாசம் ரிப்போர்ட்டில் 60 லட்சம். மார்க் போதாதுதான், ஆனால் பூஜ்யமில்லை. டாக்டர் கைகொடுத்தார். பீரோ சாவியும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

போன வாரம் அம்மா ஊரிலிருந்து வந்திறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மருமகளைத் தாண்டி நேரே என்னிடம் வந்தாள்.

"ஏண்டா, விசேஷம் எதுவும் உண்டா?"

சமையலறையில் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்று வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.