கவாசாகி என்றால் பைக் மட்டும் இல்லை

பெருங்கடவிளையில் இருக்கும் தங்கச்சியின் மூன்று வயசுப் பையனுக்குப் போன வருஷம் ஐந்து நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. கண் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெரிப் பழம் மாதிரி ஆகி, உடம்பெல்லாம் தடிப்பு. ஆறாம் நாள் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் சொன்ன பெயர்: கவாசாகி நோய்.

அதற்கப்புறம் அவளுக்குக் காய்ச்சலை விடப் பெரிய தொல்லை சொந்தக்காரர்கள்தான். "பிள்ளைக்கு என்னத்தக் குடுத்தேன்னு எல்லாரும் கேக்காவ, அண்ணா" என்று ஃபோனில் அழுதாள். தடுப்பூசி, பாக்கெட் பால், குளத்துத் தண்ணி, தாய்வழி ரத்தம்... ஆளுக்கொரு காரணம்.

நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுகிறவன். ஆனாலும் தேடிப் படித்தேன்.

டோக்கியோவில் டொமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் 1961-ல் முதல் நோயாளியைப் பார்த்தார். 1967-ல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 2020-ல் அவர் காலமானபோதும் காரணம் பிடிபடவில்லை. கார்ப்பெட் ஷாம்பூ என்றார்கள், நிரூபணமாகவில்லை. ஆசியாவிலிருந்து வீசும் காற்றில் ஏதோ வருகிறது என்று 2011-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஹவாயில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகளுக்கும் இது அதிகம் வருவதால் மரபணுவுக்குப் பங்குண்டு. 2020-ல் எல்லோரும் முகக்கவசத்தோடு வீட்டில் இருந்தபோது ஜப்பானில் இந்த நோய் குறைந்தது. ஆக ஏதோ ஒரு கிருமி தொடங்கி வைக்க, சில பிள்ளைகளின் எதிர்ப்பு சக்தி தடம் மாறி, சொந்த ரத்தக் குழாயையே தாக்குகிறது என்பதுதான் இன்றைக்கு இருக்கும் ஊகம்.

இத்தனை பேர் அறுபது வருஷமாகத் தேடியும் கிடைக்காத காரணத்தை, சமையலறையில் நிற்கும் ஒரு அம்மாவின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

காரணம் தெரியாவிட்டாலும் மருந்து தெரியும், கெடுவும் தெரியும். காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும், கூடவே ஆஸ்பிரின். ஏற்றாமல் விட்டால் நாலில் ஒரு பிள்ளைக்கு இதயத்தின் ரத்தக் குழாய் வீங்கலாம். நேரத்தோடு ஏற்றினால் அது நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குக் குறைகிறது. எங்கள் பையனுக்கு ஏழாம் நாள் ஏற்றினார்கள். எக்கோவில் இதயம் நன்றாக இருக்கிறது.

ஊரில் பிள்ளை வைத்திருக்கும் அக்கா தங்கச்சிகளிடம் ஃபோனில் பேசும்போது இதைச் சொல்லி வையுங்கள். ஐந்து நாள் காய்ச்சலோடு கண்ணும் உதடும் சிவந்தால், "இது கவாசாகியா?" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கட்டும். தட்டம்மை, அலர்ஜி என்று நாள் போய்விடக் கூடாது.

பி.கு.: இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிள்ளைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியை வழக்கமாகப் பதினொரு மாதம் தள்ளிப் போடுவார்கள். ஆஸ்பிரினை டாக்டர் சொல்லாமல் வீட்டில் கொடுக்கவே கூடாது.