எல்இடி மினுக்குது, டீபக்கர் முழிக்குது

கோட் கம்பைல் ஆகிறது, போர்டில் எல்இடியும் மினுக்குகிறது. ஆனால் பிரேக்பாயின்ட்டில் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. உடனே கேபிளை மாற்றுவோம், பிறகு போர்டையே சந்தேகப்படுவோம். ஹார்டுவேர்மேல் பழி போடுவது நமக்குக் கைவந்த கலை.

ஆபீசில் ஒரு தம்பி இப்படித்தான் வந்து நின்றான். திரையில் டீபக்கரான ஜிடிபி தெளிவாகவே சொல்லியிருந்தது: டிவார்ஃப் பதிப்பு தப்பு, இருப்பது 5, இருக்க வேண்டியது 2, 3 அல்லது 4. எரர் மெசேஜை யார் படிக்கிறார்கள்!

எந்த மெஷின் கோட் எந்த சி வரியிலிருந்து வந்தது, எந்த வேரியபிள் எந்த ரிஜிஸ்டரில் இருக்கிறது என்ற குறிப்பை கம்பைலர் இஎல்எஃப் ஃபைலில் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பின் வடிவம்தான் டிவார்ஃப். 2021இல் வந்த ஜிசிசி 11 கம்பைலர் முதல் டிஃபால்ட்டே டிவார்ஃப் 5. தம்பி கம்பைலரை மட்டும் புதுசாக்கிவிட்டு, பழைய ஐடிஇயோடு வந்த ஜிடிபியையே வைத்திருந்தான். இந்தக் குறிப்பெல்லாம் சிப்பின் ஃபிளாஷுக்குப் போகாது, அதனால்தான் எல்இடிக்கு ஒரு குறையும் இல்லை.

கம்பைலர் ஃபிளாகில் டிவார்ஃப் 4 கேட்டால் சமாளிக்கலாம். ஆனால் டூல்செயினோடு ரெடிமேடாக வரும் லைப்ரரிகள் 5இலேயே இருந்தால் அங்கே மறுபடி முரண்டு பிடிக்கும். ஜிடிபியையும் புதுப்பிப்பதே உத்தமம்.

புதுப்பித்தான், பிரேக்பாயின்ட்டில் நின்றது. வேரியபிளைப் பார்த்தால் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’. அது ஓ2 ஆப்டிமைசேஷனின் கைங்கரியம். ஓஜிக்கு மாற்றச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.